ஸ்லோ நிற்காத வண்டி

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் நின்றதும் கார் குலுங்குகிறது, ஸ்லோ நிற்கவில்லை, பொசுக்கென்று அணைந்து போகிறது என்றால் உடனே ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள். அதுவும் வண்டியில் நீங்களே எதையாவது மாற்றிப் போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். திருப்பினால் சத்தம் சரியாகிவிடும். கோளாறு அப்படியே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளத்தையும் நீங்களே அழித்திருப்பீர்கள்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க குமாஸ்தா. வாழ்நாளில் சொந்தமாக வைத்திருந்த ஒரே இயந்திரம் ஒரு பஜாஜ் சேத்தக். காலையில் அதை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைத்தால்தான் கிளம்பும். ஸ்போர்ட்ஸ் காருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் சென்ற வருஷம் மூன்று மாதம் பாரிசுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளையின் காருக்கு நான் எடுபிடி ஆகிவிட்டேன். அதற்கு ஒரே காரணம், அந்தக் காரின் ரிப்பேர் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. மாப்பிள்ளை கையில் கிரீஸ் இருந்தது. யாராவது உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். கல்வே காலேஜில் அந்தக் காலத்தில் பிரம்படி வாங்கிக்கொண்டு படித்த பிரெஞ்சு, எழுபத்து நாலாம் வயதில் ஒரு கார் ஷெட்டில் வந்து கைகொடுத்தது.

கார் ஒரு ரெனோ 5 ஜிடி டர்போ, 1988 மாடல். பார்க்க நம் ஊர் மாருதி 800-க்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் 830 கிலோ அளவுதான் எடை, அதில் 120 குதிரைத்திறன். மாப்பிள்ளை இருபது வயதில் அதன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். அப்போது வாங்க வழியில்லை. நாற்பத்தெட்டாம் வயதில் வாங்கினார். அதை வைத்துக்கொண்டு அவர் படும் சந்தோஷத்தைப் பார்த்தால் குறை சொல்ல மனசு வராது.

இந்த வண்டியில் ஒரு வினோதம் உண்டு. இன்ஜின் பழைய காலத்தது. அதன் மூதாதை 1962-ல் ரெனோ கம்பெனியின் கிளெயோன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. (1962 என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். அந்த ஆகஸ்டு 16-ந் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. என் அப்பா இந்தியக் குடியுரிமையோடு இருந்துவிட்டார். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தால்தான் நான் குமாஸ்தா, அவர் ரெனோ முதலாளி. அது வேறு பதிவு.) அந்தக் கிழட்டு இன்ஜின் தலையில் ஒரு கேரட் டர்போவை வைத்தார்கள். பெட்ரோலுக்கு இன்ஜெக்‌ஷன் கிடையாது, சாதாரண சோலெக்ஸ் கார்புரேட்டர்தான். டர்போ காற்றை அழுத்தி அந்தக் கார்புரேட்டருக்குள்ளேயே ஊதும். அதோடு, காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் இன்ஜினின் ஒரே பக்கத்தில். அடுப்புக்கு மேலே பெட்ரோல் கிண்ணத்தை வைத்தது போலத்தான். இன்ஜினை நிறுத்திய பிறகும் கார்புரேட்டர் மேல் காற்றடிக்க ஒரு குட்டி விசிறியையே கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தோஷம். இன்ஜின் சும்மா ஓடுவதற்கு ஆங்கிலத்தில் ஐடில் என்கிறார்கள், சோம்பேறி என்கிற மாதிரி. பிரெஞ்சில் அதற்கு ரலாந்தி என்று பெயர். மெதுவாக்கியது என்று அர்த்தம். நம் ஊர் மெக்கானிக் அதைத்தானே ‘ஸ்லோ’ என்கிறான்! பிரெஞ்சுக்காரனும் நம் ஊர்க்காரனும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. ஆனால் ஸ்தார்தேர் என்று வந்த இடத்தில் நான் தடுக்கி விழுந்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் என்று நினைத்து மாப்பிள்ளையைக் காரின் அடியில் படுக்க வைத்துவிட்டேன். பிரெஞ்சு கார் பாஷையில் ஸ்தார்தேர் என்றால் சோக். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தேமரேர் என்று வேறு பெயர். அவர் அடியிலிருந்து எழுந்து வந்து, “மாமா, நீங்க உண்மையிலேயே பிரெஞ்சு மீடியமா?” என்றார்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். காலையில் குளிர்ந்த வண்டியை எடுத்தால் சமர்த்தாக நிற்கும். இருபது நிமிஷம் ஓடிச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் முள் மேலும் கீழும் ஆடும். 900, 600, 1,000, 500, அப்புறம் அணைந்துவிடும். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான். ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. டர்போ பிடித்துக்கொண்டால் முதுகை சீட்டில் அறைந்து கொண்டு போகும். நிற்கத்தான் தெரியவில்லை.

மாப்பிள்ளை என்ன செய்திருந்தார் தெரியுமா? ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தார். முதலில் 1,000. பிறகு 1,200. நான் போனபோது 1,500-ல் இரைந்துகொண்டிருந்தது. சிக்னலில் பிரேக்கை விட்டு ஒரு கால் எடுத்து ஆக்சிலேட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார். என் மகள் அந்த வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள். அது மட்டும் என்றால் பரவாயில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பையன் ஏப்ரலில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்திருக்கிறான். மே மாதம் வெயில் வந்ததும் இந்தத் தொல்லை. “அவன்தான் எதையோ கெடுத்துட்டான் மாமா” என்று முடிவு கட்டி, அவனோடு வாசலில் சண்டை போட்டு, இன்டர்நெட்டில் அவன் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, கீழே நாலு வரி எழுதியும் வைத்திருந்தார். புதுக் கார்புரேட்டர் ஒன்றுக்கு விலையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த இடத்தில் வயிற்றில் ஏதோ செய்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“மாப்பிள்ளை, இந்த வண்டியில நீங்க என்னென்ன மாத்தியிருக்கீங்க, எந்தத் தேதியில? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க” என்றேன். குமாஸ்தா புத்தி. அவருக்குச் சிரிப்பு. ஆனாலும் எழுதினார். டம்ப் வால்வு, சைலன்சர், ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ட்யூப்கள் சிலிகானில். எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. ஏப்ரலில் கார்புரேட்டர் சர்வீஸ். அவ்வளவுதான் என்றார். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் வேலையாக மிக்சர் ஸ்க்ரூவைச் சோதிக்கச் சொன்னேன். (இதற்குப் பிரெஞ்சில் ரிஷேஸ் ஸ்க்ரூ. செல்வ ஸ்க்ரூ என்று மொழிபெயர்க்கலாம். நம்மாளும் பெட்ரோல் அதிகமானால் ‘ரிச்’ என்றுதான் சொல்கிறான்.) எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, மெதுவாக முழுக்க உள்ளே திருகினால், சாதாரணமாக இன்ஜின் தடுமாறி அணைய வேண்டும். ஏனென்றால் ஸ்லோவில் ஓடும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் அந்தச் சிறு வழியாகத்தான் வருகிறது. இங்கே முழுக்க மூடினோம். இன்ஜின் கவலையே படவில்லை. 1,500-ல் இரைந்துகொண்டே இருந்தது.

இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். ஐட்லிங் ஸ்க்ரூ என்பது பெட்ரோலைக் கூட்டும் சாமான் இல்லை. காற்றுக் கதவைக் கொஞ்சம் திறந்து முட்டுக் கொடுக்கும் ஒரு ஆப்பு. கதவு அளவுக்கு மேல் திறந்தால், ஸ்லோவுக்கென்று இருக்கும் வழியை விட்டுவிட்டு, கிளம்பும்போது உதவும் துளைகள் வழியாகப் பெட்ரோல் வர ஆரம்பித்துவிடும். அப்புறம் ஸ்லோ ஜெட் அடைத்திருந்தாலும் தெரியாது, மிக்சர் தப்பாக இருந்தாலும் தெரியாது, வேறு எது போனாலும் தெரியாது. ஆபீசில் ஒரு ஃபைல் நகரவில்லை என்றால், எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்க்காமல் ரிமைண்டருக்கு மேல் ரிமைண்டர் போடுவோமே, அதுதான் இது. டெஸ்பாட்ச் நோட்டு நிறையும். ஃபைல் வராது.

ஆகவே ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு மனசே வரவில்லை. திருப்பியதும் வண்டி நிற்க மறுத்தது. கோளாறு வெளியே வந்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. அவருக்கு முகம் செத்துவிட்டது.

பிறகு ஸ்லோ ஜெட். அதைப் பிரெஞ்சில் ழிக்லேர் என்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனைத் துளை. இந்த கார்புரேட்டரில் ஒரு தூசி போதும் அதை அடைக்க. ஒரு துணுக்கு இருக்கவும் இருந்தது. ஊதி எடுத்தோம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டின் கதை முடிந்தது. மாட்டினோம். ஸ்டார்ட் செய்தோம். ஆகா, 850-ல் பூனைக்குட்டி மாதிரி நின்றது. மகள் டீ கொண்டு வந்தாள். மாப்பிள்ளை, “பாத்தீங்களா மாமா, அந்தப் பையன் ஒழுங்கா சுத்தமே பண்ணலை” என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். டீ ஆறுவதற்குள் வண்டி சூடானது. 900, 600, 1,000, 500. அணைந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று எழுத வந்தேன், வேண்டாம். ஆனால் குளிர்ந்திருக்கும்போது நன்றாக நிற்பதை வைத்து ‘சரியாயிற்று’ என்று யாரும் சொல்லக்கூடாது. குளிரில் சோக் வேலை செய்கிறது. பெட்ரோலைத் தாராளமாக ஊற்றுகிறது. எங்காவது திருட்டுத்தனமாகக் காற்று புகுந்தால்கூட அந்தத் தாராளம் மூடி மறைத்துவிடும். சோக் விலகியதும்தான் உண்மை தெரியும்.

திருட்டுக் காற்று. புத்தகத்தில் ப்ரீஸ் தேர் என்று போட்டிருந்தது. நம் மெக்கானிக்குகள் ‘ஏர் புடிக்குது’ என்பார்கள். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கோ ஒரு ஓட்டை. கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. அதற்குச் சேர வேண்டிய பெட்ரோல் போவதில்லை.

அப்படியானால் ஓடும்போது ஏன் தெரியவில்லை? அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இன்ஜின் 1,397 சிசி. நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அவ்வளவு கொள்ளும். 850 சுற்றில் நிமிஷத்துக்கு 600 லிட்டருக்குச் சற்றுக் கீழே. ஆனால் காற்றுக் கதவு மூடியிருப்பதால் உள்ளே காற்று நீர்த்துக் கிடக்கிறது. உண்மையில் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, 200 லிட்டர் அளவு. இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருபது, இருபத்தைந்து லிட்டர் இழுக்கும். இருநூறில் இருபது என்றால் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடித்தம். யாருக்கும் உறைக்கும். அதே வண்டி 5,000 சுற்றில் டர்போ ஊத ஓடும்போது நிமிஷத்துக்குச் சில ஆயிரம் லிட்டர் போகிறது. அங்கே இந்த ஓட்டை சுண்டைக்காய். அதுவும் அப்போது உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் ஓட்டை காற்றை இழுக்காது, வெளியே விடும். ஒரே ஓட்டை, நிற்கும்போது திருடும், ஓடும்போது தானம் செய்யும். டர்போ வண்டிக்காரர்கள் நல்ல வேகத்தில் ஓடுவதைப் பார்த்து ‘இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. நிற்கும்போதுதான் இன்ஜின் தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறது.

மறுநாள் மகளின் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டேன். சிலர் பிரேக் கிளீனர், பெட்ரோல் எல்லாம் தெளித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான டர்போவுக்கு ஒரு சாண் தூரத்தில் அதைச் செய்பவன் தாடியைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. தண்ணீர் போதும். சூடான இரும்பில் அடிக்காமல், இணைப்புகள் மேல் மட்டும் பூப்போலத் தெளிக்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும். இன்ஜினின் குரல் மாறும்.

மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து பெடலில் வண்டியைப் பிடித்துக்கொண்டார். நான் கார்புரேட்டர் அடியில் தெளித்தேன். ஒன்றுமில்லை. மேனிஃபோல்டு சேரும் இடத்தில். ஒன்றுமில்லை. பிரேக் சர்வோவுக்குப் போகும் தடித்த ட்யூப். ஒன்றுமில்லை. இக்னிஷன் பெட்டிக்கு ஒரு மெல்லிய ட்யூப் போகிறது. உள்ளே எவ்வளவு இழுவை என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லும் தூதன் அது. அதைத் தொடர்ந்து கொண்டே போனேன். நடுவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் டி ஜாயின்ட். அதன் மேல் தெளித்ததும் இன்ஜின் ‘ம்’ என்றது. நின்றது, நிதானமாக. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி ஆட்டம். மறுபடி தெளித்தேன். மறுபடி ‘ம்’.

“மாப்பிள்ளை, இந்த டி எங்க போகுது?”

எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது மானோ, மாமா” என்றார்.

மானோ என்றால் பிரஷர் மீட்டர். காரில் ஏற்கெனவே ஒன்று உண்டு. அது போதாதென்று கண்ணாடி ஓரத்தில் அழகாக இன்னொன்றை மார்ச் மாதம் அவரே வாங்கி மாட்டியிருக்கிறார். அதற்கான இணைப்பை அந்த மெல்லிய ட்யூபை வெட்டி எடுத்திருக்கிறார். நான் கேட்ட பட்டியலில் அதை ஏன் எழுதவில்லை என்றேன். “அது இன்ஜின் வேலை இல்லையே மாமா, மீட்டர்தானே” என்றார்.

டி ஜாயின்டைக் கழற்றி விரலால் வளைத்தால் ஒரு காலில் மயிரிழைக் கீறல். குளிரில் மூடிக்கொண்டிருக்கும், சூட்டில் இளகி வாய் திறக்கும். காற்றும் திருடியது, இக்னிஷன் பெட்டிக்குப் பொய்ச் செய்தியும் சொன்னது. இன்ஜினைக் கண்காணிக்க வைத்த மீட்டர்தான் இன்ஜினை நோகடித்தது. அதைவிட வேடிக்கை, அந்த மீட்டரில் டர்போ அழுத்தம் ஒரு பக்கம், இழுவை இன்னொரு பக்கம். ஸ்லோவில் இழுவை முள் இறங்கி ஆடிக்கொண்டிருந்ததை அது இரண்டு மாதமாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. மாப்பிள்ளை பார்த்ததெல்லாம் டர்போ பக்கத்தை மட்டும்தான்.

இப்போது ஏன் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது என்று சொல்ல வேண்டும்.

நான் யு.டி.சி.யாக இருந்தபோது, எண்பதுகளின் ஆரம்பம், ஒரு குடும்ப பென்ஷன் ஃபைல் காணாமல் போனது. இறந்துபோன ஊழியரின் மனைவி வாரத்துக்கு ஒரு நாள் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சூப்பரின்டெண்டெண்ட் கேட்டபோது, இன்ன தேதியில் அட்டெண்டர் கையில் கொடுத்தனுப்பிவிட்டேன் என்று நோட் ஷீட்டில் எழுதினேன். அப்படித்தான் என் ஞாபகம். அட்டெண்டருக்கு மெமோ போயிற்று. அவர் என்னிடம் வந்து, “ஐயா, நான் வாங்கலைங்க” என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியாகக் கை மாறியது அவரிடம் என்பதால் தப்பு அவருடையது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. நாலு மாதம் கழித்து என் பீரோவிலேயே, வேறொரு தடித்த ஃபைலோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டப்பட்டுக் கிடந்தது. கட்டியது நான். புதிதாக ஒரு குறியீட்டு முறையை நானே கண்டுபிடித்து, ஃபைல்களை மாற்றி அடுக்கிய வாரம் அது. அந்த அம்மாளுக்கு பென்ஷன் கிடைத்தது. மெமோ ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று முடிந்தது. ஃபைல் எங்கே கிடைத்தது என்று அவரிடம் நான் சொல்லவேயில்லை. அவர் ஓய்வு பெற்றார், பிறகு காலமும் ஆகிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். என் மகளே அதுவரை கேட்டதில்லை.

மாற்றிப் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கம்பெனிக்காரன் கொடுத்தபடியே வைத்திருக்க வேண்டும் என்பது சோம்பேறியின் வாதம். கம்பெனிக்காரனும் மாற்றி மாற்றித்தான் இந்த இன்ஜினை இங்கே கொண்டு வந்திருக்கிறான். நான் கேட்பது ஒரு ரிஜிஸ்டர். ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, என்ன கழற்றினேன், என்ன மாட்டினேன், எந்த ட்யூபை வெட்டினேன், ஸ்க்ரூ எத்தனை சுற்று. மீட்டரானாலும் எழுத வேண்டும், அலங்கார விளக்கானாலும் எழுத வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு வந்தால் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை, எல்.டி.சி. பரீட்சை போதும்.

எல்லாக் குலுக்கலும் கோளாறு என்றும் நான் சொல்ல மாட்டேன். கேம் ஷாஃப்டை ரேசுக்கானதாக மாற்றினால், இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும். ஸ்லோவில் அது குலுங்கத்தான் செய்யும். அது அதன் சுபாவம். ஆனால் அந்தச் சாக்கில் ஏர் பிடிப்பதையும் ‘ஸ்போர்ட்ஸ் வண்டின்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெட்ரோல் பற்றாமல் எரியும் இன்ஜின் சூட்டில் சாகும். அதுவும் டர்போ ஊதும் நேரத்தில் என்றால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

இப்போதைய வண்டிகளில் இன்னொரு விதமான மோசடி. கம்ப்யூட்டர் இருக்கிறது. காற்று திருட்டுப் போனால் அதுவே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும், ஸ்லோவைத் தானே பிடித்து நிறுத்தும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தாங்க முடியாத அளவு வந்தபிறகுதான் விளக்கு எரியும். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், ‘புஸ்ஸ்’ என்று வெளியே ஊதும் டம்ப் வால்வைச் சத்தத்துக்காக மாட்டுகிறார்கள் இளைஞர்கள். அளந்து கணக்கில் எழுதிய காற்றை வெளியே விட்டுவிட்டால், கம்ப்யூட்டர் இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றுகிறது; ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி திணறி அணைகிறது. உடனே சென்சார் போய்விட்டது என்று புது சென்சார் வாங்குகிறார்கள். செலவில் வந்ததை வரவில் எழுதிவிட்டு கேஷியரைச் சந்தேகப்படுவது போல.

பித்தளை டி ஒன்று வாங்கினோம். நாலு யூரோ கூட ஆகவில்லை. கிளிப் போட்டு மாட்டி, ஸ்லோவை 850-ல் வைத்து, மிக்சரைத் திருத்தி, ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டினோம். என் மகளும் வந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தோம். ஆடவில்லை.

மாப்பிள்ளை அன்று ராத்திரியே அந்த ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிட்டார். “எடுத்தாச்சு மாமா, போதும்ல?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் பேக்கரிக்குப் போய்ச் சாக்லேட் ரொட்டி ஒரு பை வாங்கிக்கொண்டு வந்து, “வர்றீங்களா?” என்றார்.

கராஜில் அந்தப் பையன் முதலில் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. மாப்பிள்ளை பிரெஞ்சில் கடகடவென்று சொன்னார்: மீட்டர், டி, கீறல், நான்தான் மாட்டினேன், உன்னிடம் சொல்லவில்லை, தப்பாக எழுதிவிட்டேன். பையன் எல்லாவற்றையும் கேட்டான். “மானோவை எப்போது போட்டீர்கள்?” என்றான். “மார்ச்சில்.” “நான் ஏப்ரலில் கேட்டேனே, ஏதாவது புதிதாக மாற்றினீர்களா என்று.” மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த டயர் காலண்டரைப் பார்த்தேன்.

பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னான். நாங்கள் போட்ட பித்தளை டியைத் தொட்டுப் பார்த்து, கிளிப் இரண்டும் சரியில்லை, டர்போ ஊதும்போது கழன்றுவிடும் என்று சொல்லி வேறு இரண்டு மாட்டினான். மூன்று யூரோ வாங்கிக்கொண்டான். ரொட்டிப் பையை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.